அம்மா ஜெபித்ததும் நான் மொழிபெயர்த்ததும்

ஆலன், டெக்சஸ்
திங்கட்கிழமை

அன்பு மகள் லக்ஷிகாவுக்கு,

நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் நல்ல சுகம், நேற்றிலிருந்து சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறதைத் தவிர வேறு குறையில்லை. எடிசன் நகரில் நீயும் மருமகன் மாதவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தேர்தல் விஷயத்தில் என்னோடு கோபித்து நாலு மாதமாக நீ போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன், இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நேற்று எங்கள் சபைக்கு அந்த வேட்பாளர் வந்தார், நாட்டில் தேவபயத்தைத் திரும்பக் கொண்டுவருவார் என்று நான் உன்னோடு சண்டை பிடித்தேனே, அவரேதான். பைபிளை உயர்த்திப் பிடித்து, நீங்கள்தான் இந்த நாட்டின் உண்மையான மக்கள், மேல்தட்டுக்காரர் உங்கள் நாட்டைக் களவெடுத்துவிட்டார்கள், வந்தேறிகள் எல்லாரையும் திருப்பி அனுப்புவேன் என்று முழங்கினார். சபை எழும்பி நின்று கைதட்டியது, நானும்தான் தட்டினேன், மறைக்கவில்லை. பிறகு பாஸ்டர், பல நாட்டு விசுவாசிகளும் தங்கள் பக்கம் என்று காட்டவோ என்னவோ, அவருக்காகத் தமிழில் ஜெபிக்க அம்மாவைக் கூப்பிட்டார், அதை ஆங்கிலத்தில் சொல்ல என்னைக் கூப்பிட்டார். பதினொரு வருடமாக அந்தச் சபையில் வாய் திறக்காதவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேடையேறினாள்.

ஆண்டவரே, இவருக்கு நல்ல சுகத்தைத் தாரும் என்றாள், அப்படியே சொன்னேன். அடுத்து, "உம்மட பேரைச் சொல்லிச் சனத்தை வெருட்டுற புத்தியை இவரிட்ட இருந்து எடுத்துப்போடும்" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது, இவருக்கு ஞானத்தைத் தாரும் என்று ஆங்கிலத்தில் சமாளித்தேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவளுக்கு அந்த ஆங்கிலம் விளங்காதா? கண்ணைத் திறந்து, நான் சொன்னது அதில்லை என்று மைக்கில் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, ஜெபத்தில பொய் சொல்லாதேங்கோ" என்றாள். சபை கொல்லென்று சிரித்தது. மகள், எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள், "நாங்களும் குண்டுக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், எங்களுக்குத் திறந்த கதவை மற்றவைக்குப் பூட்ட எங்களை விடாதையும்" என்றாள், அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பு நின்றது, முன்வரிசையில் இரண்டு குடும்பம் எழும்பிப் போனது. பிறகு பியானோ வாசிக்கிற எண்பது வயது அமெரிக்கக் கிழவி ஆமென் என்று கத்தினாள், அங்கொருவர் இங்கொருவராய் இன்னும் கொஞ்சப் பேரும் சொன்னார்கள். வேட்பாளர் பல்லைக் காட்டியபடி கை கொடுத்துவிட்டு நழுவிவிட்டார். காரை ஸ்டார்ட் பண்ண முடியாமல் பார்க்கிங்கில் நாங்கள் சிரித்த சிரிப்பு, கலியாணம் முடித்த புதிதில்கூட அப்படிச் சிரித்ததில்லை. இன்று காலை பாஸ்டர் போன் பண்ணி, வாசலில் வரவேற்கும் குழுவில் இருந்து கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார், நான் மிகுந்த சந்தோஷத்தோடு சரி என்றேன். அம்மா ஒன்றுமே நடக்காததுபோல் அடுப்படியில் கத்தரிக்காய் பொரிக்கிறாள்.

மழையில் மெதுவாகக் கார் ஓட்டும்படி மாதவுக்குச் சொல், நீ இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குக் கட்டாயம் வரவேண்டும், சாப்பாட்டு மேசையில் அரசியலும் பேசலாம், இந்த முறை நீ சொல்லி முடிக்கும்வரை நான் கேட்பேன்.

உன் அப்பா
அரியரட்ணம்