கூடாரம் கிழிந்த விதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, ஏனென்றால் நீ சொல்லப்போகும் பதிலை நான் நம்புவதாக இல்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை, ஃபேனில் தூசி, சுவரில் விரிசல், என் முகத்தில் சுருக்கம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது.

அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். பறவைகளைப் படம் பிடிக்க நீ ஒளிந்து உட்காருகிற கூடாரம் காற்றில் கிழிந்துவிட்டது, எந்தத் தையல் போட்டுச் சேர்ப்பது என்று போனில் கேட்டாய். அந்தத் துணியை வெட்டித் தைத்தவள் நான். காற்று இழுத்தால் ஓரத் தையல்தான் பிரியும், நீ சொன்ன மாதிரி நடுக்கூரை பிய்ந்து தொங்காது. மேலிருந்து ஏதோ கனமாக விழுந்திருக்கிறது. நீ போயிருக்கிற மலையில் மேலிருந்து என்ன விழும், பஞ்சா விழும்? கல்தான் விழும். அப்போது நீ உள்ளே இருந்தாயா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் உன் அண்ணன் வந்தான். கூப்பிட்டாலே வராதவன், செருப்பைக் கழற்றும்போதே, அவ நல்லாத்தான் இருக்காம்மா என்றான். நான் கேட்கவே இல்லையே! பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். அப்போதுதான் நீ முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. ஆள் நுழைவதைப் பார்த்தால் கழுகு கிட்டே வராது, அதனால் இரண்டு பேராகக் கூடாரத்துக்குள் போய் ஒருவர் மட்டும் வெளியே வந்து நடப்போம், ஆள் போயாயிற்று என்று நம்பிக் கழுகு வந்து உட்காரும் என்றாயே, அதே வேலையைத்தான் அண்ணனும் தங்கையுமாக என்னிடம் காட்டுகிறீர்கள். அவன் கையை வீசிக்கொண்டு போகிறான், நீ உள்ளே மூச்சுக்காட்டாமல் இருக்கிறாய். கழுகுக்குக் கணக்குத் தெரியாது. பெற்றவளுக்குத் தெரியும்.

நீ அனுப்புகிற படங்களிலும் மலைக் கழுகையே காணோம், எல்லாம் புல்வெளி வானம்பாடிதான், அதுவும் போன வருஷம் அனுப்பிய அதே குருவி, அதே காய்ந்த தண்டு. கண்டுபிடித்தது அப்பாவின் புதுக் கண். வீடியோவில் வா என்றால் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டுகிறாய், போனை எதன்மேலோ சாய்த்து வைத்திருக்கிறாய். வலது கையைத் தூக்கும்மா பார்ப்போம் என்று அப்பா சொன்னதும் படம் நின்றுபோய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, கோபமும் வருகிறது. காமிரா பிடிக்கிற கை அது, உன் பிழைப்பே அதில்தான். ஒடிந்திருந்தால் ஒடிந்தது என்று சொல், கூடிவிடும். அதற்கு மேல் ஏதாவது என்றாலும் சொல். நான் அழுவேன், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு புறப்பட்டு வருவேன், உனக்குத் தலை வாரிவிட ஒரு ஆள் வேண்டாமா?

எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன் பக்கம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பதிலை அண்ணன் வாயால் சொல்லி அனுப்பாதே, டைப் அடித்தும் அனுப்பாதே. கை நன்றாக இருந்தால் உன் கையெழுத்தில் நாலு வரி எழுது, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால் இடது கையால் எழுது. கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும், நீ முதன்முதலில் கிறுக்கினதைப் படித்தவள் நான்தான்.

உன் பதில் வரும்வரை எதையும் நம்பாத,
அம்மா