உங்கள் பெயரில் இருந்த என் எண்

அக்கா,

சிம் கார்டை உடைத்து எடுத்த பிறகு மிஞ்சுமே ஒரு பிளாஸ்டிக் அட்டை, அது இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. நடுவில் சின்ன ஓட்டை. ஓரத்தில் நீலப் பேனாவில் நீங்கள் எழுதிக் கொடுத்த என் எண். உங்கள் ஏழு பார்ப்பதற்கு ஒன்று மாதிரியே இருக்கும் என்பதால், ஏழுக்கு நடுவில் ஒரு கோடும் போட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருஷமாக இதைப் பிஸ்கட் டின்னில் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தேன். தேவைப்படலாம் என்று இன்று காலை போன் கடைக்கு எடுத்துப் போனேன். திரும்பி வந்ததிலிருந்து இதைக் குப்பையில் போட இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் போடாமலே வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, கடல் தாண்டிக் கெடா மாநிலத்து மெர்கோங்குக்கு வந்தபோது இந்த நாட்டில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், என் கணவரும் என் மாமியாரும். மூன்றாவது ஆள் நீங்கள். வரிசை வீட்டில் உங்கள் கூடத்துக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். வந்த மறுநாள் காலையிலேயே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பசியாறிட்டியா?" என்று கேட்டீர்கள். பசிக்கவே இல்லையே, என்ன சொல்வது என்று விழித்தேன். "காலைல சாப்டியான்னு கேட்டேன் லா. ஊர்லேர்ந்து வந்த பொண்ணு, தமிழே தெரியலயே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தீர்கள். எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதற்குள் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. சுவரை இரண்டு தட்டினால் தேத்தண்ணி தயார், வந்து குடி என்று அர்த்தம். அதை எனக்கு விளக்கியது மாமியார்.

பேரங்காடிக்கு முதல் தடவை நான் தனியாகப் போவேன் என்று அடம் பிடித்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் பையில் அள்ளிக்கொண்டு நேரே பணம் கட்டும் இடத்தில் போய் நின்றேன். காய்கறியை முதலில் நிறுக்கும் இடத்தில் கொடுத்து விலைச் சீட்டு ஒட்டி வாங்கி வர வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கல்லாப்பெண் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதோ கேட்டாள். பின்னால் வரிசை நீண்டது. காது சுட்டது. தனியாக விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்திருந்தீர்கள் போல. அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கமிருந்து, "எங்க வீட்டுப் பொண்ணுதான் லா, புதுசு!" என்று தமிழிலும் மலாயிலும் சத்தம் போட்டுக்கொண்டே வந்து, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினீர்கள். வெளியே வந்ததும், "கேட்டா வாய் தேஞ்சிடாது தங்கச்சி, கேளு" என்றீர்கள். அன்றைக்கு மட்டும் இல்லை, எதற்கெடுத்தாலும் இதையேதான் சொல்வீர்கள்.

மலாய் எனக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. நீங்கள் காடி என்று சொல்லும் காரின் முன் சீட்டிலும் மீன் கடையிலும்தான். "புக்குல 'வா'ங்கிறதுக்கு 'டாத்தாங்'னு இருக்கும். நம்ம கெடாவுல 'மாய்'. மாய்னு சொன்னாத்தான் மீன்காரன் உன்னை இந்த ஊரு ஆளுன்னு நெனைப்பான்." நான் மாய், மாய் என்று சொல்லிப் பழகினேன். மீன்காரன் நம்பவில்லை. ஆனாலும் இரண்டு மீன் கூடப் போட்டான்.

போன் எண் வாங்கப் போனதும் உங்களோடுதான். அப்போது என் பாஸ்போர்ட் விசா வேலையாகக் குடிநுழைவு அலுவலகத்தில் கிடந்தது. அது இல்லாமல் என் பெயரில் சிம் தர முடியாது என்றார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டேன். அப்பாவிடம் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நீங்கள் கைப்பையைத் திறந்து உங்கள் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தீர்கள். "என் ஐசி எதுக்கு இருக்கு? என் பேர்ல போடுங்க. அப்புறமா மாத்திக்கலாம்." அந்த அப்புறம் வரவே இல்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு இரண்டு மூன்று தடவை கேட்டேன். "இருக்கட்டும் லா, என்ன அவசரம்? நான் என்ன உன் போனைத் திங்கவா போறேன்?" என்றீர்கள். எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இந்தத் தாமான் குடியிருப்பில் பாதிப் பேருடைய எண் இன்னொருவர் பெயரில்தான் இருக்கிறது.

கடை வாசலிலேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் சுவரில் கரியால் எழுதிக்கொண்டார். சீக்கிரமே சுவரைப் பார்க்காமல் அடிக்கும் அளவுக்கு மனப்பாடமாகிவிட்டது அவருக்கு. பெற்ற பெண் இனிமேல் அந்தப் பத்து எண்ணுக்குள்தான் இருக்கிறாள் என்று தங்கையிடம் சொல்வாராம்.

இப்போது அந்த நாலு நாளுக்கு வருகிறேன்.

எனக்கு எட்டு மாதம். கால் வீங்கி, வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பதே பெரிய பயணம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனில் லைன் இல்லை. சுவரைத் தட்டினேன். நீங்கள் வந்து போனை வாங்கிப் பார்த்தீர்கள். முன்னும் பின்னும் திருப்பினீர்கள். "டவர் கெட்டுப் போச்சாம் லா. ஜித்ரா வரைக்கும் இதே கதைதானாம். குடு, நான் கடையில கேட்டுட்டு வர்றேன்" என்று போனீர்கள். மத்தியானம் வந்து, "நாலஞ்சு நாள் ஆகுமாம்" என்றீர்கள். உங்கள் போனில் ஒரு தடவை ஊருக்குப் பேசட்டுமா என்று கேட்டேன். "என் லைன்ல வெளிநாடு போகாதும்மா" என்றீர்கள். கணவரும் தன் போனைப் பற்றி அதையேதான் சொன்னார். நம்பினேன். உங்களை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வெள்ளிக்கிழமை நாம் தபால் நிலையத்துக்குப் போனோம். அப்பாவுக்கு இரண்டு சட்டையும் முட்டி வலித் தைலமும் வாங்கிக் கட்டி வைத்திருந்தேன். எண் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சுங்கப் படிவத்தை எப்போதும் போல நீங்கள்தான் நிரப்பினீர்கள். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. "தங்கச்சி பேரையே போட்டுடுவோமா? அப்பா வயக்காடு அது இதுன்னு அலைவாரு. பார்சல் வர்ற நேரம் கையெழுத்துப் போட ஆள் வேணும்ல?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள். எவ்வளவு யோசனைக்காரி என் அக்கா என்று நினைத்துக்கொண்டேன். தங்கை பெயரைச் சொன்னேன். எழுதினீர்கள்.

அப்பா வியாழக்கிழமை விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார். அந்தச் சட்டைகள் கருமாதி அன்று தங்கை கைக்குப் போய்ச் சேர்ந்தன.

எனக்குச் சொன்னது மகள் பிறந்து முப்பதாம் நாள் கழிந்த பிறகு. அப்பா பிழைப்பது கஷ்டம் என்று ஊரிலிருந்து தெரிந்ததுமே, வயிற்றுப் பிள்ளைக்காரி காதில் சாவுச் சேதி விழக்கூடாது என்று மாமியாரும் கணவரும் சேர்ந்து முடிவு செய்ததாகச் சொன்னார்கள். அதுவரை அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக்கூடாது என்று தங்கையையும் பொய் சொல்ல வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அவள் எல்லாவற்றையும் அழுது கொட்டினாள்.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு ரெண்டு நாளா உன் நம்பருக்கேதான்க்கா அடிச்சாரு. ஏதோ பொம்பள குரல் வேற பாஷையில சொல்லிட்டே இருந்துச்சு. உன் வீட்டு ஆளு பேசறாங்கன்னு நெனச்சுட்டாரு. 'எம்பொண்ணக் கொஞ்சம் கூப்புடுங்கம்மா, எம்பொண்ணக் கூப்புடுங்கம்மா'ன்னு அதுகிட்ட கெஞ்சிக்கிட்டே இருந்தாருக்கா."

அது பதிவு செய்து வைத்த குரல். இந்த எண் இப்போது சேவையில் இல்லை என்று மலாயில் சொல்லும் குரல். அதனிடம் என் அப்பா என்னைக் கேட்டிருக்கிறார்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்று நான் எங்கே ஓடி வந்தேன்? உங்கள் வீட்டுக்குத்தான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீங்களும் அழுதீர்கள். "பாவிங்க, எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா சுவரை இடிச்சிட்டு வந்து சொல்லியிருப்பேனே தங்கச்சி" என்றீர்கள். அந்த வாக்கியத்தை எட்டு வருஷம் நான் வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

கணவரைக் கோபித்துக்கொண்டு எங்கே போவது? அவரிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் பேசிவிட்டேன். கோபமெல்லாம் மாமியார் மேல் திரும்பியது. சோற்றைப் போட்டு வைப்பேன், முகம் பார்க்க மாட்டேன். பேத்தியைத் தூக்க வந்தால் அவள் தூங்குகிறாள் என்பேன். இரண்டாம் வருஷமே அவர் பெண்டாங்கில் இருக்கும் பெரிய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு மட்டும் வருவார், விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவரைப் பற்றி நான் திட்டாத திட்டையெல்லாம் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து திட்டினேன். நீங்கள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, "விடு லா, வயசானவங்க" என்பீர்கள். அப்போதுகூட உங்களுக்குத் தோன்றவில்லையா அக்கா?

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகிறது. மாதா கோயிலில் உங்களுக்காக வைத்த நாற்பதாம் நாள் பூசையில், மண்டியிடத் தெரியாமல் கடைசி வரிசையில் நின்று உங்கள் பிள்ளைகளைவிட அதிகமாக அழுதவள் நான்தான். பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கார அண்ணன் வந்து, "உன் நம்பர் அவ பேர்ல இருக்கும்மா. நிறுத்திடுறதுக்கு முன்னாடி மாத்திடு, நானும் வர்றேன்" என்றார். தன் மனைவி போன துக்கத்திலும் என் எண்ணை நினைத்தாரே என்று நெகிழ்ந்து போனேன்.

இன்று காலை இறப்புச் சான்றிதழோடு அவரும், பாஸ்போர்ட்டும் இந்த அட்டையுமாக நானும் போனோம். கவுண்டர் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். இந்த எண் ஒரு முறை தொலைந்துபோனதாகப் பதிவாகியிருக்கிறதே, போன் உங்கள் கையில் எப்படி வந்தது என்று கேட்டாள். தொலையவே இல்லையே, தவறாக இருக்கும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"துவான் டியா செண்டிரி மாய்," என்றாள். உரிமையாளரே நேரில் வந்திருக்கிறார். வந்து எண்ணை முடக்கச் சொல்லியிருக்கிறார், ஐந்தாம் நாள் வந்து திறக்கச் சொல்லியிருக்கிறார். தேதியையும் படித்தாள். மகள் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. அப்பா போவதற்கு இரண்டு நாள் முன்பு.

மாய். நீங்கள் சொல்லிக்கொடுத்த சொல். அது மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் சும்மா தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்திருப்பேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "உன் நல்லதுக்குத்தான்மா செஞ்சா" என்றார். அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். புது எண் வேண்டுமானால் சுலபமாகத் தரலாம் என்றாள் அந்தப் பெண். வேண்டாம் என்றேன். அப்பா மனப்பாடமாக வைத்திருந்தது இதைத்தான்.

என் பெயருக்கு மாறிய எண்ணிலிருந்து முதல் அழைப்பு பெண்டாங்குக்குப் போட்டேன். "பசியாறியாச்சா?" என்றார் மாமியார், நான் போன் போட்டதே அதிசயம் என்ற குரலில். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அன்று போனை முடக்கியது அக்காவா என்று.

"செய்யச் சொன்னது நான்தான். நம்பரு அவ பேர்ல இருந்துச்சு, அதான். நீ புள்ள பெத்ததும் நானே சொல்லிடுறேன்னு எங்கிட்ட சொன்னா. கடைசி வரைக்கும் சொல்லலையா?"

"இல்ல. நீங்க ஏன் அத்தே சொல்லல? இத்தன வருஷம் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே?"

"உனக்குன்னு இந்த ஊர்ல பேச அவ ஒருத்திதானே இருந்தா. அவளையும் எப்படி லா புடுங்கறது?"

அவர் செய்யச் சொன்னார், நீங்கள் செய்தீர்கள். அதைக்கூட என்றைக்காவது நான் விழுங்கிவிடுவேன். நானும் ஒரு பெண் குழந்தையைச் சுமந்தவள்தான், பயம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் நான் போட்ட பழியையெல்லாம் ஒரு கிழவி தலையிலேயே விட்டுவிட்டு, அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் நீங்கள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டீர்கள். அதை என்னால் விழுங்க முடியவில்லை. வருகிற சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பெண்டாங் போகிறேன். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

அவரிடம் பேசி முடித்துப் போனை வைத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? என் கை தானாகச் சுவருக்குப் போனது. இப்படி ஒருத்தி எனக்குத் துரோகம் செய்துவிட்டாள் அக்கா, கேளுங்கள் என்று உங்களிடமே வந்து அழத்தான். வேறு யாரிடம் சொல்லி எனக்குப் பழக்கம்? பாதியில் கையை இறக்கிக்கொண்டேன்.

இந்த அட்டையைக் குப்பையில் போடப் போவதில்லை. எழுதி முடித்ததும் மறுபடி டின்னில் வைத்து மூடிவிடுவேன். உங்கள் கோடு போட்ட ஏழும் அதில் இருக்கட்டும்.

எட்டு வருஷம் நமக்கு நடுவில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. இரண்டு தட்டு தட்டிச் சொல்லியிருந்தால் உங்கள் வாய் தேய்ந்திருக்குமா அக்கா?