நான் நின்னா டிரம்மும் நிக்கும்

மார்ச் 3, ஞாயிறு

இன்று பலாடி தாளம் இடுப்புக்கு வந்துவிட்டது.

டிரம்மின் நடுவில் அடித்தால் தும். ஓரத்தில் அடித்தால் தெக். அரபுப் பாட்டு மேலே எத்தனை ஜிகினா போட்டுக்கொண்டு வந்தாலும் அடியில் இந்த ரெண்டும்தான். பலாடி என்றால் தும் தும் — தெக் — தும் — தெக். முதலிலேயே ரெண்டு தும், விருந்தாளி கதவைத் தட்டுகிற மாதிரி.

மற்றவர்கள் எட்டு வரைக்கும் எண்ணிக்கொண்டு ஆடுகிறார்கள். நான் எண்ணினால் கால் நின்றுவிடும். கால் போனால் எண் போய்விடும். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான், அஞ்சாவதோடு வாத்தியார்களும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அதனால் லாண்டரி வேலையையே தாளமாக வைத்துக்கொண்டேன். பிழி, பிழி, உதறு, மடி, அடுக்கு. ரெண்டு பிழிக்கும் இடுப்பை இறக்கு. உதறுக்குத் தோளைக் குலுக்கு. மடிக்கு இடுப்பால் ஒரு வட்டம். அடுக்குக்கு நெஞ்சைத் தூக்கி நில்.

பக்கத்தில் ஆடுகிற பல் டாக்டர் கேட்டார், "என்னக்கா வாய்க்குள்ள முணுமுணுக்கறீங்க?"

"ஹோட்டல் போர்வை, டாக்டர். உங்களுக்கும் ரெண்டு தரட்டுமா?"

இந்தப் பெல்லி டான்ஸ் வகுப்புக்கு என்னை இழுத்து வந்தவள் லாண்டரியில் கூட வேலை பார்க்கும் குண்டூசி. அவள் ரெண்டாவது வாரமே முட்டி வலி என்று நின்றுவிட்டாள். இடுப்பே இல்லாதவளுக்கு இடுப்பு ஆட்டம் எதற்கு என்று சொல்லிவிட்டு நான் மட்டும் வருகிறேன். டயர் கடைக்கு மேலே மாடி. ரப்பர் வாசனையில்தான் அரபுப் பாட்டு.

மார்ச் 5, செவ்வாய்

மூணாம் நம்பர் மெஷினில் துணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் அது எகிறி எகிறிக் குதிக்கும். இன்று அதன் முன்னால் நின்று தோளைக் குலுக்கிப் பார்த்தேன். சூப்பர்வைசர் பின்னால் நின்றிருக்கிறார். "உடம்புக்கு முடியலையாம்மா?" என்றார். முடியுது சார், அதான் இப்படி என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

மானம் போன நாள்.

புதுப் பாட்டு. அதன் தாளம் சயீதி. கேட்கும்போது பலாடி மாதிரியேதான் இருந்தது — அதே தும், அதே தெக், ரெண்டு தும் சேர்ந்து வருவதும் அப்படியே. நான் என்ன செய்தேன், அந்த ரெண்டு தும்முக்காகக் காத்திருந்து, வந்ததும் பிழி பிழி என்று இறங்கிவிட்டேன். எல்லாரும் வலது பக்கம் போகும்போது நான் இடது பக்கம். எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து முடித்தபோது நான் சுவரைப் பார்த்து நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சுவருக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

டீச்சர் பாட்டை நிறுத்தினார். "அக்கா, சயீதில ரெண்டு தும் நடுவுல வரும். தும் தெக், தும் தும், தெக். நீங்க நடுவை முதல்னு நினைச்சு ஆரம்பிக்கறீங்க." டீச்சர் சின்னப் பொண்ணு, என் வயதில் பாதி. திட்டவே தெரியாது. அதனால்தான் அடுத்து சொன்னது சுருக்கென்றது. "ஏப்ரல் ஆறாம் தேதி மேடையில நீங்க பின்வரிசையில நிக்கறீங்களா? தனி முறையும் வேணாம். உங்களுக்கும் நிம்மதியா இருக்கும்."

தனி முறை என்றால், கடைசியில் டிரம் மட்டும் வாசிக்கும்போது ஒவ்வொருத்தரும் நடுவில் வந்து ஒரு சுற்று ஆடுவது. அதற்காகத்தான் நான் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் படி ஏறினேன்.

"எனக்கு நிம்மதி லாண்டரியிலயே நிறைய இருக்கு டீச்சர். ஒரு வாரம் குடுங்க. அப்பவும் சுவத்தைப் பாத்து நின்னா, நானே பின்னாடி போய் உங்களுக்குத் திரை இழுக்கறேன்."

சிரித்தார். ஒரு வாரம் கொடுத்தார். போஸ்டருக்கு எல்லாரையும் படம் பிடித்தார்கள். என்னையும்தான். வயிற்றில் ஆபரேஷன் தழும்பு இருக்கிறதே, மேலே வலைத்துணி கட்டிக்கொள்கிறீர்களா என்று டீச்சர் மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். கர்ப்பப்பையை எடுத்த டாக்டர் தையல் போடத்தான் செய்தார், சீல் வைக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

கண்டுபிடித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தில் போய்க் காது வைத்தால் ரெண்டு தும்தான் முதலில் கேட்கும், அது பெருசாக இருப்பதால். புறப்படும் இடத்தில் கேட்க வேண்டும். மூணாம் நம்பரை நிறுத்தி, நிறுத்தி, மறுபடி போட்டேன். பாதி ஈரத்தோடு நின்ற மெஷின் புறப்படும்போது — தும், தெக், தும் தும், தெக். சாமி சத்தியமாக சயீதி.

பிழி. உதறு. பிழி பிழி. உதறு. போர்வை மூட்டை முன்னால் நின்று ஒரு மணி நேரம். குண்டூசி கதவில் காவல் நின்றாள். முட்டி வலிக்கிறவளுக்கு நிற்க மட்டும் நன்றாக முடிகிறது.

மார்ச் 14, வியாழன்

மெக்கானிக் வந்து மூணாம் நம்பரைச் சரி பண்ணிவிட்டார். பூனை மாதிரி ஓடுகிறது. எனக்குத்தான் துக்கம்.

மார்ச் 17, ஞாயிறு

முன்வரிசை. தனி முறையும் உண்டு.

டீச்சர் பாட்டை மூன்று தரம் போட்டுப் பார்த்தார், ஏதோ ஏமாற்றுகிறேன் என்று சந்தேகம். மூன்று தரமும் சுவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் அவரிடம் இன்னும் மேடை பற்றிச் சொல்லவில்லை. வகுப்புக்குப் போவது தெரியும், இடுப்பு வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதும் தெரியும். அவர் நினைப்பில் பாய் விரித்துக் கால் நீட்டும் பயிற்சி. நாளை சொல்கிறேன்.

மார்ச் 20, புதன்

நான் சொல்வதற்குள் போஸ்டர் சொல்லிவிட்டது.

பஸ் டிப்போ சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். அவர் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நேர் எதிரே. அஞ்சு பேரில் நடுவில் நான், கையைத் தூக்கிக்கொண்டு, வயிறு முழுசாக. கண்டக்டர்கள் எல்லாம் அவரைப் பார்த்து, டிரைவரே, உங்க வீட்ல இனி விசில் யாரு அடிப்பாங்க என்று கேட்டார்களாம்.

வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "இருபது வருஷமா அந்த டிப்போல தலை நிமிந்து வண்டி ஓட்டறேன்" என்றார்.

"நிமிந்தே ஓட்டுங்க, குனிஞ்சா ரோடு தெரியாது" என்றேன். வாய் இருக்கிறதே. சொல்லியிருக்கக் கூடாது.

"நீ மேடை ஏறினா உன் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேன்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மார்ச் 21, வியாழன்

தட்டு வைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

அவருடைய அக்கா போன். "இந்த வயசுல வயித்தைக் காட்டிக்கிட்டு ஆடணுமா?"

"வயித்தைக் காட்டாம டாக்டர்கிட்டக்கூடப் போக முடியாது அண்ணி."

"என் தம்பி பட்டினி கிடக்கறான்."

"டிப்போ வாசல் கடையில ரெண்டு தட்டு சாப்பிடறாரு அண்ணி. எண்ணெய் சட்டையிலயே இருக்கு, நான்தானே துவைக்கறேன்."

போனை வைத்துவிட்டார்கள். வைத்தபிறகுதான் அழுகை வந்தது. எதுக்கு? அவங்க சொன்னதுக்கா? இல்ல. இவ்ளோ வருஷம் போட்ட சோத்தைத் தள்ளிட்டுப் போறதுக்கு இந்த மனுசனுக்கு ஒரு போஸ்டர் போதுமா. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தப்ப இதே வயித்தைத்தான் ராத்திரி பகல் கட்டு மாத்தினாரு. அப்ப வெக்கம் இல்ல. இப்ப அது நல்லா இருக்கு, ஆடுது — இப்ப வெக்கமா?

நிறுத்த மாட்டேன். எழுதி வைக்கிறேன். நிறுத்த மாட்டேன்.

மார்ச் 23, சனி

டிப்போவுக்குப் போனேன்.

கேரியரில் அவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, மத்தியானம் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து. அவர் வண்டி இன்னும் உள்ளே வரவில்லை. நான் நேராகப் போஸ்டர் அடியில் போய் நின்றேன். அதே போலக் கையைத் தூக்கினேன்.

"தம்பிகளா, படம் நல்லா வந்திருக்கா, நேர்ல நல்லா இருக்கேனா?"

ஒருத்தன் டீயையே முழுங்க மறந்துவிட்டான்.

"விசில் அடிக்க ஆள் வேணும்னு கேட்டீங்களாமே. ஆறாம் தேதி வாங்க. டிக்கெட் என்கிட்டயே இருக்கு. கண்டக்டருங்களுக்கு டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?"

ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும். மீசைக்காரக் கண்டக்டர், "அக்கா, என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரலாமா, அவளுக்கும் முதுகு வலி" என்றார். எட்டு டிக்கெட் போயிற்று.

திரும்பினால் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கேரியரை ஜன்னல் வழியாக நீட்டினேன். வாங்கவில்லை. மீசைக்காரர்தான் வாங்கிச் சாப்பிட்டார்.

அவருக்காகப் போனேனா, எனக்காகப் போனேனா? அங்கே அவரைக் கேலி பண்ணியவர்கள் வாயை அடைத்தேன். ஆனால் அவர் எதிரிலேயே அடைத்தேன். இதில் பாதி பலாடி, பாதி சயீதி. எது முதல் தும் என்று தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

டிரம் வாசிப்பவர் ஒத்திகைக்கு வந்தார். பகலில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, மற்ற நேரம் டிரம். மொட்டைத் தலை, டிரம்மும் தலையும் ஒரே பளபளப்பு, எதில் அடிக்கிறார் என்று குழப்பம் வரும் என்றேன். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. மொட்டை தன் தலையில் ஒரு தெக் தட்டிக் காட்டினார்.

என் முறை வந்தபோது, அடுத்த தும் எப்போது வரும் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு ஆடினேன். ஒவ்வொரு இறக்கமும் தவறியது. அவர் நிறுத்தினார்.

"அக்கா, என் கையை ஏன் பாக்கறீங்க? நான் உங்க இடுப்பைப் பாத்துத்தான் அடிக்கறேன். பாட்டு ஓடும்போது நீங்க என் பின்னாடி. இந்த ஒரு சுத்துல நான் உங்க பின்னாடி. நீங்க நின்னா நானும் நிப்பேன்."

"நிஜமா நிப்பீங்களா?"

"நின்னு பாருங்க."

நின்றேன். நின்றார். இடுப்பை ஒரே ஒரு தரம் இறக்கினேன். தும்.

ஐயோ. என் வாழ்க்கையில் நான் நின்றதற்காக யார் நின்றிருக்கிறார்கள்? குக்கர் கூட நிற்காது.

மார்ச் 28, வியாழன்

வீட்டில் அவருக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். கஞ்சி வைத்து மேசையில் வைத்தேன். "இது என் கை இல்லை, கரண்டி ஊத்தினது" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா இருமலா தெரியவில்லை.

கஞ்சி அப்படியே ஆறிவிட்டது. இருமல்தான் போல.

ஏப்ரல் 1, திங்கள்

மறுபடியும் கடைக்குத்தான் போகிறார். தயிர் மட்டும் சாப்பிடுகிறாராம், மீசைக்காரர் சொன்னார். தட்டு வைப்பதை நான் விடவில்லை. அவர் பிடிவாதத்துக்கு நான் ஏன் சமையலை நிறுத்த வேண்டும்.

ஏப்ரல் 5, வெள்ளி

துணி ரெடி. இடுப்பில் கட்டுகிற, காசு தைத்த துணியை உதறினால் லாண்டரியே திரும்பிப் பார்க்கும். அதை வீட்டில் கயிற்றில் காயப் போட்டேன், அவர் சட்டைக்குப் பக்கத்தில். காற்றடித்தபோதெல்லாம் சத்தம் போட்டது. அவர் பேப்பரைத் திருப்பவே இல்லை, ஒரே பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு டிக்கெட் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுப்பேன். கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது. ஆட்டத்துக்கு இல்லை. ஆடி முடித்து வீட்டுக்கு வந்தபிறகு வீடு எப்படி இருக்கும் என்று.

ஆனாலும் போவேன்.

ஏப்ரல் 6, சனி

இன்று என் எழுத்தே சயீதி ஆகிவிட்டது.

சேர்ந்து ஆடியது சரியாக வந்தது. பல் டாக்டர்தான் ஒரு இடத்தில் இடதுபக்கம் போனார். "சுவர் நலமா டாக்டர்" என்று மெல்லக் கேட்டேன், மேடையிலேயே சிரித்துவிட்டார்.

பிறகு என் முறை. விளக்கு கண்ணில் அடித்தது, ஆட்கள் யாரும் தெரியவில்லை, தலைகள் மட்டும். மூன்று சுற்று சயீதி ஆடினேன். பிழி, உதறு, பிழி பிழி, உதறு. பிறகு, சொல்லிவைத்த மாதிரி இல்லாமல், நின்றேன். நடுவில். கையைத் தூக்கியபடி, தழும்பு விளக்கைப் பார்த்தபடி. மொட்டையும் நின்றார். எங்கேயோ ஒருத்தர் கிசுகிசுத்தார், மறந்துட்டாங்க போல.

நான் சிரித்துக்கொண்டே நின்றேன். என் நேரம் இது. நான் எடுத்துக்கொள்வேன்.

எனக்குத் தோன்றியபோது இடுப்பை இறக்கினேன். தும். அந்தச் சத்தம் என் வயிற்றிலிருந்து வந்தது போல இருந்தது.

விசில் வந்தது. டிப்போ வரிசைதான்.

வெளியே அவர் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இல்லை, கொஞ்சம் எதிர்பார்த்தேன். மீசைக்காரரின் மனைவி ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரலாமா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவர் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் வகுப்பு இல்லை. மத்தியானம் வழக்கம் போல ரெண்டு தட்டு வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். வாயைக் கட்டிவைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு வாய் எடுத்தார். மென்றார்.

"உப்பு கம்மி."

உப்பு ஜாடியைத் தள்ளினேன். போட்டுக்கொண்டார்.

"நடுவுல ஏன் நின்னுட்ட? மறந்துட்டியோன்னு கடைசி வரிசையில நான் எழுந்தே நின்னுட்டேன்."

"மறக்கல. நிறுத்தினேன்."

"ம்" என்றார். தட்டை நீட்டினார். இன்னொரு கரண்டி போட்டேன்.