பல்லுக்காரனின் ஜெட் ஸ்கீ

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா மூன்று பேரும் சுகம். நாலாவது ஆளும் உடம்பளவில் சுகம்தான், மேல்மாடி மட்டும் காலி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, டீயை டொக்கென்று வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு நாளாகச் சுவரோடுதான் பேச்சு. எல்லாம் உன் அக்கா புருஷன் அடிக்கிற கூத்தால். போனில் பேசினால் உன் அக்கா மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்பாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கார் ஷெட்டில் ஒரு நாள் ஆள் உயரத்துக்கு மேல் நீளமாக ஒரு பெட்டி வந்து இறங்கியது. பிரித்தால் படகு மாதிரி வெறும் ஓடு. எஞ்சின் எங்கே என்றேன், தனியாக வரும் மாமா என்றான். பம்ப்? இதே மாதிரிப் பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிப் போடணும் என்றான். சரி, உட்காருகிற சீட்டாவது இருக்கா என்றால், இது தண்ணீர் மேல் நின்றுகொண்டே ஓட்டுகிற ஜெட் ஸ்கீ, இதற்குச் சீட்டே கிடையாது என்கிறான். அப்போ என்னதான்டா வாங்கினாய் என்று வாய் வரைக்கும் வந்தது, மாப்பிள்ளையாச்சே என்று விழுங்கிக்கொண்டேன். கம்பெனி ஓட்டைவிட இப்படி வெளியாள் செய்து விற்கிற ஓடு கனம் குறைவாம், உறுதியாம். ஊரில் இருக்கிறவன் கோழி வாங்கி முட்டை எடுப்பான், இவன் முட்டை ஓட்டை வாங்கிக் கோழி செய்யப் பார்க்கிறான். பல் செட் கட்டுகிறவனுக்குப் படகு எதற்கு, நீயே சொல். என் வாயில் இருப்பதும் அவன் கட்டினதுதான், நன்றாகத்தான் கடிக்கிறது, அது வேறு விஷயம்.

வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குள் நுழைந்துவிடுவான். கண்ணாடி இழைத் துணியை வெட்டுவான், பிசினைக் குழைத்துப் பூசுவான், காய்ந்ததும் தேய்ப்பான், மறுபடி பூசுவான். வீடெல்லாம் அந்த வாடை, சோற்றில்கூட அதே வாடை. எஞ்சினிலிருந்து பின்னால் தண்ணீரைப் பீய்ச்சுகிற பம்புக்குப் போகிற தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கணுமாம். எஞ்சினுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைப்பான், குனிந்து பார்ப்பான், உருவுவான், இன்னொன்று வைப்பான். மேஜை ஆடினால் காகிதத்தை மடித்துக் கால் அடியில் சொருகுவோமே, அதே வேலை. அதற்கு ஒரு மாதம் தின்றான். இவ்வளவு பார்க்கிறவன் ஹேண்டிலை எங்கே வைத்தான் தெரியுமா, தன் தொடை உயரத்தில்! ஒட்டகம் மாதிரி வளர்ந்தவன், அதைப் பிடிக்க முதுகை வளைத்து நிற்கிறான். கால் நுழைக்க ஒரு பட்டை ஒட்டியிருக்கிறான், அதில் அவன் பாதத்தில் பாதிகூட நுழையாது. அளவெடுக்கத் தெரியாதவனை நம்பி ஊரார் வாயைத் திறந்து காட்டுகிறார்கள்.

பெட்டியோடு வெள்ளை வெள்ளையாக நுரைக் கட்டிகள் வந்தன, கண்ணாடிச் சாமான் உடையாமல் அடைத்து அனுப்புவார்களே, அந்தக் குப்பை. அதில் கெட்டியாக இருந்த இரண்டை எடுத்து என் மடக்கு நாற்காலியில் சீட்டுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொடுத்தாள், அப்போது என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து என் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. அந்த ஓட்டால் இந்த வீட்டுக்கு நடந்த ஒரே நல்லது அதுதான். போன வாரம் பல்லுக்காரன் போனில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், ஏதோ சாமான் குறைகிறதாம், கடைக்காரன் எல்லாம் அனுப்பியாச்சு என்று சாதிக்கிறானாம். ஏமாளி கிடைத்தால் கடைக்காரன் சும்மாவா விடுவான்? என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் நான் சொல்லிவிட்டேன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், கெடு என்றால் கெடு. இந்த ஞாயிற்றுக்கிழமை அது தண்ணீரில் ஓடணும், இல்லையென்றால் மறுநாள் பழைய இரும்புக்காரன் வண்டியோடு வருவான், அவனிடம் சொல்லியும் வைத்துவிட்டேன் என்றேன். பல்லுக்காரன் தலையைச் சொறிந்தான். உன் அக்காதான், அதே வண்டியில் எங்க பெட்டியையும் ஏத்திடுங்க அப்பா, நாங்களும் கிளம்பறோம் என்றாள். அம்மாவுக்கும் சுவருக்கும் சிநேகம் ஆனது அப்போதுதான். பெண் வீட்டைவிட்டுப் போனால் எனக்கு மட்டும் இனிக்குமா? அதற்காக ஒரு ஓட்டுக்கு நான் பணிந்து போகணுமா? நீ போன் போட்டு, வெளியாள் சொல்கிற மாதிரி அவனுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று சொல்.

மேலே எழுதினதைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. கிழித்துப் போட மனசில்லை, எழுதினது எழுதினதுதான். மீதியையும் கேள். காலையில் எல்லாரும் ஏரிக்குப் போனோம். வேடிக்கை பார்க்கிறவன் வசதியாகப் பார்க்கணும் என்று என் நாற்காலியை மெத்தையோடு கொண்டுபோய்க் கரையில் விரித்து உட்கார்ந்தேன். பல்லுக்காரன் வண்டியை இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏறுவான், குப்புற விழுவான் என்று காத்திருக்கிறேன், அவன் ஏறவே இல்லை. மிதவைச் சட்டையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு உன் அக்கா தண்ணீருக்குள் இறங்குகிறாள்! அந்தப் பட்டைக்குள் அவள் கால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஹேண்டில் சரியாக அவள் இடுப்புக்கு நேரே. உனக்கா இது என்று கத்தினேன். எனக்குத்தான், எனக்குத்தான் ஆசை, அவருக்குத் தண்ணீரே ஆகாது, நீங்க எங்கே கேட்டீங்க, அவரைத் திட்டத்தானே உங்களுக்கு நேரம் இருந்தது என்கிறாள்.

அதுவாவது போகட்டும். அவன் அவளிடம் சொன்னதுதான் என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது. முன்பக்க மூக்குப் பகுதியில் இரண்டு நுரைக் கட்டி குறையுது, உள்ளே தண்ணி புகுந்தா இது மிதக்காது, மூக்கு கீழே போய் அப்படியே மூழ்கிடும், மாமா வைத்த கெடுவுக்காகத்தான் இன்னைக்கு இறக்கறோம், கரையை விட்டுத் தூரம் போகாதே என்றான். இவ்வளவு பெரிசு, இவ்வளவு கனம் என்று கையால் வேறு காட்டினான். அந்த அளவு எனக்குத் தெரியும். என் பின்பக்கத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள், விழுந்தால் எஞ்சினை அணைக்கிற கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்த, எஞ்சின் உறுமினதும் என்னால் உட்கார முடியவில்லை சின்னவனே. நிறுத்துடி என்று எழுந்த வேகத்தில் நாற்காலி மடங்கி விழுந்தது. இரண்டு பூப்போட்ட மெத்தையையும் தூக்கிக்கொண்டு செருப்போடு தண்ணீருக்குள் ஓடினேன். கரையே சிரித்தது. உன் அம்மா இரண்டு நாளைக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள், பேசினதைக் கடிதத்தில் எழுத முடியாது.

பல்லுக்காரன் மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தையலை மட்டும் பதமாகப் பிரித்து, உறையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, நல்லவேளை மாமா, உடையாம வெச்சிருந்தீங்க என்றான். அவ்வளவுதான்! நானாக இருந்தால் ஏரி வற்றுகிற வரைக்கும் கத்தியிருப்பேன். கோபப்படக்கூடத் தெரியாத ஜென்மம், இவனையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்று காலை அவன் லீவு போட்டுவிட்டு அந்த நுரைக் கட்டிகளை உள்ளே ஒட்ட உட்கார்ந்தான். அவன் கை அந்த மூக்குச் சந்துக்குள் நுழையவில்லை, என் கை ஒல்லி, நுழைந்தது. பசை இறுகுகிற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணுமாம். தோள் வரை உள்ளே விட்டு, கன்னத்தை அந்த நாற்றம் பிடித்த ஓட்டில் சாய்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்திலேயே அவன் தலை. பல் எங்கேயாவது உறுத்துதா மாமா என்று அப்போது போய்க் கேட்கிறான்! அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரன் வாசலில் வந்து நின்று, எந்தச் சாமானை ஏத்தணும் என்றான். ஆள் வேலையாக இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா, போய்யா என்று கிடந்த வாக்கிலேயே கத்தி விரட்டினேன். மாடிப்படியில் உன் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

அதனால் நீ போன் எதுவும் போட வேண்டாம். அவனைத் திட்ட நான் ஒருத்தன் போதும், வெளியாள் தேவையில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏரிக்குப் போகிறோம், என்ன லட்சணத்தில் ஓடுகிறது என்று எழுதுகிறேன். நீ நன்றாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, வரும்போது என் நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிக்கொண்டு வா. தண்ணீரில் போட்டால் நேராக அடிக்குப் போய்விடுகிற மாதிரி, நல்ல கனமாகப் பார்த்து வாங்கு.

இப்படிக்கு,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு,
உன் அப்பா