கிரீடம் இறக்காத ராஜா

நீயே சொல்லு கண்ணு, கூத்துல சாவுற ராஜா வேஷம் கட்டினான்னு ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் பிள்ளைச்சாவடிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிடுவாளா? வயித்துல புள்ளையோட இருக்கிறவ, பயந்தது நியாயந்தான். ஆனா திருவிழா முடிஞ்சு, கையில கட்டின காப்பும் அவுத்தாச்சு. என் அண்ணன் மவன் தலையில இருக்கிற கிரீடந்தான் இன்னும் இறங்கல.

"போய்க் கூட்டியாடா"ன்னா, "போனது அவ, வரவேண்டியதும் அவதான் அத்தே"ங்கிறான். மில்லு விட்டு வந்தா கோயில் மண்டபத்துலயே கிடக்கிறான். முதலியார்பேட்டையில ஒருத்தரோடயும் பேச்சு இல்ல. இட்லிக்காரி சிரிச்சுக்கிட்டே, "சபையில பொம்பளை சேலையை உருவச் சொன்ன ஆளுக்கு இட்லி கிடையாது"ன்னா. அவ விளையாட்டுக்குச் சொன்னா, இவன் நெசமாவே பட்டினியா திரும்பிட்டான்! நான் சோறு கொண்டுபோனா, "வெச்சுட்டுப் போங்க"ன்னு சுவத்தைப் பாத்து சொல்றான்.

துரோபதை அம்மனுக்கு விளக்கேத்தி வேண்டி வேண்டி என் வாய்தான் வறண்டு போச்சு. நீயும் அங்க வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியாம், உங்கம்மா சொல்லியனுப்பினாங்க. ரெண்டு பேரும் ராஜா ராணியாவே இருங்க, நடுவுல நான் எதுக்கு?

உங்க ரெண்டு பேருகிட்டயும் மாட்டிக்கிட்டு அல்லாடுற
அத்தை

இப்பத்தான் ஞாபகம் வருது. கடைசி நாள் கூத்துல, ராஜா விழுந்ததும் அழ வரவேண்டிய ராணி வேஷக்காரனுக்குக் காய்ச்சல், வரல. இவன் மண்ணுல கிடந்தபடியே பொண்டாட்டியைக் கூப்பிட்டான். ராணி பேரைச் சொல்லல. உன் பேரைத்தான் சொன்னான்.