பூரணி அக்காவின் வளவில் இலுக்கு

14.06.1998, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருபது. முன்வளவில் இலுக்கு முளை: பதினேழு.

அன்பு மகள் பூரணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் அம்மா சொன்னது அக்கா. அங்கே இப்போது கோடை என்றேன், குளிர் என்றே எழுதச் சொல்லுறா. சொன்னதையே மூன்று தரம் சொல்லுறா, என் கை ஓடாது. ஆகவே இனி உன் தம்பி நானே எழுதுகிறேன், அவ சொல்வதை இடையில் சேர்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் புல்லில் மஞ்சள் பூப் பூண்டு முளைத்து, பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாடு செய்து, மாநகரசபை கடிதம் போட்டு, மச்சான் இரண்டு நாள் நித்திரை இல்லாமல் இருந்ததாக எழுதியிருந்தாய். வாசித்துக் காட்டினேன். அம்மா மச்சானுக்காகக் கவலைப்பட்டா. புல்லுக்குக் கடிதம் போடுகிற அரசாங்கமும் உலகத்தில் இருக்குது மனே என்றா. இங்கே புல்லுக்குக் கடிதம் வராது, ஆள்தான் வரும். பனிச்சங்கேணியில் மாமி வீட்டில் மூன்று வருசம் அகதியாக இருந்துவிட்டு மாசியில் திரும்பி வந்தோமே, அப்போது உன் வீட்டின் யன்னல் மட்டத்துக்கு இலுக்குப் புல்லு நின்றது. படலையைத் தள்ள முடியவில்லை. அடுத்த நாளே கிராம சேவகர் வந்து, றோட்டோர வளவு பற்றையாகக் கிடந்தால் ஆளில்லாத வீடு என்று எழுதி ஆமிச் சென்றிக்கு எடுத்துவிடுவார்கள், வல்லிபுரம் அண்ணரின் வீட்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தோம். யன்னலுக்கு யன்னல் மண்மூடை, குசினியில் துவக்கு. வல்லிபுரம் அண்ணர் தன் வீட்டைத் தானே எட்டிப் பார்க்க அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இது உனக்குச் சீதனமாக எழுதின வீடு, மகளின் வீட்டைக் காக்கத் தெரியாத தாய் என்று ஊர் சொல்லும் என்பதே அவவின் பேச்சு.

ஊரில் இலுக்கு ஒழிக்கத் தெரியாத ஆள் ஒருவரும் இல்லை, இலுக்கு ஒழிந்த வளவுதான் ஒன்றும் இல்லை. அடுத்த வளவுச் சீனித்தம்பி மாமா நெருப்பு வை மருமகன் என்றார். நான் குண்டசாலையில் விவசாயம் படித்தவன், நெருப்பு இலுக்குக்கு உரம் மாதிரி, மேலே எரியும், கீழே கிழங்கு சிரிக்கும் என்றேன். படிப்பு வேற, புல்லு வேற என்று சொல்லித் தன் வளவுக்கு வைத்தார். புகையைக் கண்டு ஆமி வந்து அவரை அரை நாள் வெயிலில் இருத்தியது, இலுக்கு பத்தாம் நாள் இரண்டு மடங்காக வந்தது. அதன் பிறகும் அவர் எனக்குப் புத்தி சொல்வதை நிறுத்தவில்லை. மச்சான் புல்லு வெட்டும் மெசினின் படமும் ஒரு பைக்கற் புல்லு விதையும் அனுப்பியிருந்தார். படத்தை அம்மா சுவாமி அறையில் வைத்திருக்கிறா. அக்கா, வெட்டுவது தாடி வழிப்பது மாதிரி, மறுகா வரும். முழங்கால் மட்டம் கிண்டி, கிழங்கைத் துண்டு விடாமல் பொறுக்கி, கச்சான் காற்றுக்கும் வெயிலுக்கும் காயப் போட வேண்டும். வேறு வழி கிடையாது.

கிண்டினேன். வளவில் ஒருவன் முழங்கால் ஆழம் கிண்டினால் இந்த நாட்டில் மூன்று கேள்வி வரும்: எதைப் புதைக்கிறாய், யாரைப் புதைக்கிறாய், யார் சொல்லிக் கிண்டுகிறாய். ரோந்து வந்த ஆமிப் பெடியன் ஒருவன் துவக்கோடு வந்து கேட்டான். வெள்ளைக் கிழங்கை எடுத்துக் காட்டினேன். இலுக், என்றான் உடனே, சிங்களத்திலும் அதற்கு அதே பேர்தான். அவனும் கமக்காரன் வீட்டுப் பிள்ளை. பத்து நிமிசம் இரண்டு பேரும் இலுக்கைத் திட்டினோம், இந்த யுத்தத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் அது. மிச்சத்துக்கு ஓட்டமாவடியில் பாறூக் காக்காவின் கடையில் களைநாசினி வாங்கி, முளைக்கு முளை துணியால் தடவினேன். மருந்து தெளிக்கிற தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு காவலரணைக் கடக்க எனக்கு விசர் இல்லை.

வைகாசி நடுவில் இலுக்கு படுத்தது. நான் ஒன்றும் விதைக்காமலே அறுகு படர்ந்தது, அம்மா கிணற்றடியில் இருந்து தண்ணீர் அள்ளி ஊற்றினா, பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆனது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு வளவிலேயே அறுகு கிள்ளினா. ஊரே வந்து பார்த்தது. நேற்று சந்தி ஆமி முகாமின் பெரியவரும் வந்து பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். மிச்சம் நல்லம், அம்மே, என்றார். திங்கட்கிழமை இரண்டு கம்பமும் வலையும் வரும், பெடியன்கள் பின்னேரம் வொலிபோல் அடிப்பார்கள், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவின் தலையைத் தடவாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விளங்குகிறதா அக்கா. வெள்ளை வலை வாவிக்கு அக்கரையில் இருந்தாலும் தெரியும், அக்கரையில் இருப்பவர்களுக்கு வொலிபோலில் விருப்பம் இல்லை. பின்னேரம் பன்னிரண்டு பேர் ஆமி நிற்கிற வளவுக்கு என்ன வந்து விழும் என்று நான் எழுதத் தேவையில்லை. புல்லு கூடினால் சென்றி, குறைந்தால் மைதானம். இரவு முழுக்க அம்மா என்னைத்தான் பேசினா. உன்னை ஆருடா இவ்வளவு வடிவாக்கச் சொன்ன, படிச்சவன் எண்டா அரைகுறையா ஒரு வேலை செய்யத் தெரியாதா என்றா. குண்டசாலையில் அரைகுறையாகச் செய்யக் கற்றுத் தரவில்லை.

இதைத் தபாலில் போட்டால் நாலு பேர் வாசித்த பிறகுதான் உனக்கு வரும். பாறூக் காக்காவின் மகள் றமீஸா கொழும்புக்குப் போகிறா, அங்கிருந்து போடச் சொல்லி அவவிடம் கொடுக்கிறேன். அம்மா சொல்லுறா: பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வை, மருமகன் புல்லை நினைத்து உடம்பைக் கெடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போகாதே, வீட்டைப் பற்றி யோசிக்காதே, நான் இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் நூறு வருசம் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று கண்ணை மூடிச் சொன்னா, அப்படியே எழுதியிருக்கிறேன். வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி உன்னிடம் இருக்கிறதா என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு உன் அம்மா சீதேவிப்பிள்ளை (கைநாட்டு)
எழுதியவன் தம்பி தவநேசன்

நாளை விடிய, வலை வரமுன் நான் செய்யப்போவது:

1. மச்சானின் புல்லு விதையைக் கோழிக்குப் போடுவது.
2. வாவிக்கரையில் நெருஞ்சி முள் ஒரு சாக்குப் பொறுக்கி, வளவின் நடுவில் வெறுங்கால் படும் இடமெல்லாம் தூவுவது. பிள்ளையாருக்குக் கிள்ளுகிற மூலையை விடச் சொல்லி அம்மாவின் உத்தரவு.
3. பெரியவர் கேட்டால், படித்தவன் தவறாக உரம் போட்டுவிட்டான் என்று சொல்லச் சீனித்தம்பி மாமாவை அனுப்புவது. அவர் சந்தோசமாகச் சொல்லுவார்.
4. படலையில் எந்த நேரமும் துணி காயப் போடுவது, ஆள் இருக்கிற வீடு என்று தெரிய.
5. காலையில் எண்ணிய பதினேழு இலுக்கு முளைக்கும் தண்ணீர் ஊற்றுவது.