புஸ்வாணச் சின்னமும் மஞ்சச் சீட்டும்

ஆமத்தூர்,
23.11.2025, ஞாயிறு

அன்பு மக வேல்விழிக்கு அப்பா சங்கிலிமுத்து எழுதுறது. இங்கன நானும் உங்கம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு, ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நீயும் அங்கன இத்தாலியில குளிருக்குத் தக்கன உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு, சந்தோசமா இருக்கணும்னு நம்ம மாரியாத்தாளை வேண்டிக்கிறேன். தினமும் போன்ல மூஞ்சி பாத்துப் பேசுறோமே, பெறகு எதுக்கு இந்த மனுசன் கடுதாசி எழுதுறாருன்னு நெனைப்பே. உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வந்ததை விட்டுட்டு வேற பேசுறேன் தாயி. சாப்பிட்டியான்னு கேக்கேன், சாப்பிட்டேன்ங்கிறே, உடனே போனை உங்கம்மா கையில குடுத்துர்றேன். அஞ்சு மாசமா இதே கூத்துதான். ஜூன் மாசம் நீ கேட்டதுக்கு நான் இன்னும் ஒரு வார்த்தை பதில் சொல்லலை. தை பிறக்கிறதுக்குள்ள நீ வேலை பாக்குற முதியோர் இல்லத்துக்காரங்களுக்கு இருக்கியா, ஊருக்குப் போறியான்னு நீ எழுதிக் குடுக்கணும். அதான் பேனாவை எடுத்துட்டேன்.

ஊர்ச் சேதி பெரிசா ஒண்ணுமில்லை. தீவாளிப் பட்டாசு லேபிள் லோடு ஏறி முடிஞ்சது. திருத்தங்கல்ல நம்ம பிரஸ்ல இப்ப காலண்டர் ஓடுது, அடுத்த வருசம் எலெக்சன் வருதுன்னு போஸ்டர் ஆர்டரும் வர ஆரம்பிச்சிருச்சு. உங்கம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனி லீவு முடிஞ்சு மறுபடியும் பேக்கிங் வேலை. முட்டி வலிக்குதுன்னு சொல்லுவா, ஒரு நாள் வீட்ல இருன்னா என்னமோ நான் அவளைச் சிறையில போட்ட மாதிரி பாப்பா. மழை நல்ல மழை. பைக்ல போகும்போது நனைஞ்சு எனக்கும் ரெண்டு நாள் சளி, இப்ப சரியாப் போச்சு. நீ இதைப் படிச்சிட்டு மாத்திரை பேரு அனுப்ப வேண்டாம்.

உனக்கு ஞாபகம் இருக்கா, மூணு வருசத்துக்கு முந்தி, புரட்டாசி மாசம், தீவாளிக்கு ஒரு மாசம்கூட முழுசா இல்லை, சீசன் உச்சம், மெஷின் நிக்காம ஓடுது. நீ வாட்சப்புல ஒரு படம் அனுப்புனே. ஒரு வட்டத்துக்குள்ள, அடியில ஒரு சின்னக் கட்டை, அதுக்கு மேல பச்சை, வெள்ளை, சிவப்புன்னு மூணு கலர்ல சீறி எழும்பி நிக்குது. நான் கட்டிங் மெஷின் பெத்தணனைக் கூப்பிட்டுக் காமிச்சேன். ரெண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அரைமணி நேரம் ஆராய்ச்சி. கலர் விலகாம கச்சிதமா உக்காந்திருக்கு, ஆனா பொறி பத்தாது, கொஞ்சம் தங்கக் கலர் சேத்திருக்கணும்னு அவன் தீர்ப்புச் சொல்லிட்டான். நான் உடனே உனக்குப் போனைப் போட்டு, இத்தாலியில நம்ம சரக்கு விக்குதா தாயி, எந்தக் கம்பெனிப் புஸ்வாணம் இதுன்னு கேட்டேன். நீ சிரிச்ச சிரிப்பு மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. அப்பா, அது லேபிள் இல்லை, கட்சிச் சின்னம், தீச்சுடர், அந்தக் கட்சிதான் நேத்து எலெக்சன்ல ஜெயிச்சிருக்குன்னே. பெத்தணன் இன்னமும் அதைச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்குறான். அவனும் கூடத்தான் ஏமாந்தான், அதை மட்டும் மறந்துர்றான்.

ஆனா அன்னைக்கு நீ சொன்ன கணக்கைக் கேட்டு நான் அசந்துபோனேன். அதுக்கு முந்தின எலெக்சன்ல நூத்துக்கு நாலு ஓட்டு வாங்குன கட்சி இந்தத் தடவை இருபத்தாறு வாங்கியிருக்கு. அடேயப்பா! கூட்டாளிக் கட்சிகளையும் சேத்தா நாப்பத்திநாலு. ஆனா சீட்டு மட்டும் நூத்துக்கு அறுபதுக்குக் கிட்ட! அது எப்படின்னு நான் கேக்க, ஒரு ஷீட்ல எட்டு லேபிள்னு வெச்சுக்கோங்கப்பான்னு நீ எனக்குப் புரியிற மாதிரி சொன்னே. எட்டுல மூணு நம்ம ஊரு மாதிரி, தொகுதிக்கு ஒரு ஆளு, யாரு கூட வாங்குறாங்களோ அவங்களுக்கு. மிச்சம் அஞ்சு, கட்சி வாங்குன ஓட்டுக்குத் தக்கன பங்கு பிரிக்கிறது. எதிர்த்தரப்பு ஒண்ணுசேராம ஆளுக்கொரு பக்கம் நின்னதுனால அந்த மூணுல பெரும்பாலும் இவங்களே அள்ளிட்டாங்க. அப்புறம் அந்தப் பென்சில்! இம்புட்டுப் பெரிய நாடு, மெஷினும் கிடையாது, விரல்ல மையும் கிடையாது, பூத்துல ஒரு பென்சிலைக் குடுத்து சின்னத்து மேல பெருக்கல் குறி போடச் சொல்றாங்க, முடிச்சதும் பென்சிலைத் திருப்பி வாங்கிக்கிறாங்கன்னே. அழிச்சிட்டா என்ன செய்வாங்கன்னு கேட்டேன். அது அழியாதாம். அந்தக் காலத்துல கணக்கப்பிள்ளைமாரு காதுல சொருகியிருந்த, எச்சி தொட்டா ஊதாவா வர்ற காப்பியிங் பென்சில் ஜாதியாம். நான் நாப்பது வருசமா இங்க்குலயே குளிச்சவன், ஒரு பென்சில் கோடு ஒரு நாட்டையே புரட்டிப் போடும்னு அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன். அங்கன மொதத் தடவையா ஒரு பொம்பளை பிரதமர் ஆகுறாங்கன்னு உங்கம்மா பேக்கிங் ஷெட்டு பூரா சொல்லிட்டு வந்தா. ஆனா வெளிநாட்டு ஆளுக வர்றதைக் குறைக்கணும்னு பேசுற கட்சி அதுன்னு நீ சொன்னதும் அவ மூஞ்சி வாடிருச்சு. அதுல இருந்து நம்ம வீட்ல அதுக்குப் பேரு புஸ்வாணக் கட்சி.

நீ பாத்துக்கிற அந்தப் பெரியவர் ஆர்மாந்தோ, பஸ் டிரைவரா இருந்தவரு, அவரு அந்தக் கட்சிக்காரர்னும் அப்பத்தான் சொன்னே. வெளிநாட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் அவங்கவங்க ஊருக்குப் போகணும்னு சொல்லுவாராம், சொல்லிக்கிட்டே நீ ஊட்டுற சூப்பை வாயைத் தொறந்து வாங்கிக்குவாராம். அந்த எலெக்சனுக்கு வீல்சேர்ல அவரைத் தள்ளிக்கிட்டுப் போயி அந்தச் சுடர்ல குறி போடவெச்சுக் கூட்டிட்டு வந்ததே நீதான்னு கேட்டப்ப எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உனக்குப் புத்தி இருக்கான்னு திட்டுனேன். அவரு ஓட்டு அவரு உரிமை, சக்கரத்தைத் தள்ளுறது என் வேலைன்னே. அப்ப எனக்கு அது விளங்கலை.

பெறகு இந்த ஜூன் மாசம். பத்து வருசம் அங்கன இருந்தாத்தான் குடியுரிமை கேக்கலாம்ங்கிறதை அஞ்சு வருசமாக் குறைக்கலாமான்னு ஜனங்க கிட்டயே கேட்டு ஒரு ஓட்டு வைக்கிறாங்க, நான் ஆறு வருசம் முடிச்சிட்டேன், ஆமாம்னு வந்தா உடனே எழுதிப் போடலாம்னு குதிச்சே. ஆமாம்ங்கிறதுக்கு அவங்க பாஷையில 'சீ'யாம்! நம்ம ஊர்ல சீன்னா என்ன அர்த்தம், ஆத்தாடின்னு உங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சு முடிக்கும் முன்ன நீ அடுத்ததைச் சொன்னே. நம்ம நாட்டுச் சட்டப்படி ரெண்டு குடியுரிமை வெச்சுக்க முடியாது, அது வந்தா நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கணும், இங்கன ஓட்டும் போயிரும், நீங்க சரின்னாத்தான் செய்வேன்பான்னே. உங்கம்மா சிரிப்பு நின்னுபோச்சு. நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிக்க எல்லாம் இல்லை தாயி. இப்ப உள்ளதைச் சொல்லிப்புடுறேன். அது தோக்கணும்னு நான் வேண்டிக்கிட்டேன். தோத்தா நீ சலிச்சுப்போயி ஊருக்கு வந்துருவேன்னு ஒரு நப்பாசை.

தோத்தும் போச்சு. எப்படித் தோத்துச்சுங்கிறதுதான் எனக்கு இன்னமும் பிரமிப்பு. வந்து குத்துனவங்கள்ல நூத்துக்கு அறுபத்தஞ்சு பேரு ஆமாம்னுதான் போட்டிருக்காங்க. ஆனாலும் செல்லாது! நாட்டுல பாதிக்கு மேல ஜனங்க வந்து ஓட்டுப் போட்டாத்தான் செல்லுமாம், வந்ததோ நூத்துக்கு முப்பது பேருதான். வேண்டாம்ங்கிறவங்க வந்து வேண்டாம்னு குத்தக்கூடத் தேவையில்லை. வீட்ல சும்மா உக்காந்திருந்தாலே போதும், ஜெயிச்சிரலாம். இப்படியும் ஒரு விதியான்னு நான் மெஷினை நிறுத்திட்டு யோசிச்சேன். எல்லாம் புஸ்வாணமாப் போச்சுப்பான்னு நீ அழுதே. மத்த ஊர்க்காரங்க அப்படிச் சொல்லலாம், நம்ம சொல்லக் கூடாது, புஸ்வாணம் நமக்குச் சோறுன்னு நான் ஏதோ பெரிய மனுசன் மாதிரி அதட்டுனேன். உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோசம். பெத்த மக அழுகுறா, அப்பன் மனசுக்குள்ள சரவெடி போடுறேன். எழுதவே கை கூசுது.

போன வாரம் ஓட்டர் லிஸ்ட் திருத்தம்னு யோகலட்சுமி டீச்சர் வீடு வீடாப் படிவம் கொண்டு வந்தாக. நம்ம வீட்டுக்கு மூணு. மூணாவதுல உன் போட்டோ, காலேஜ்ல எடுத்தது, முறைச்சுக்கிட்டு நிக்கிறே. மக ஊர்ல இருக்காளா, வெளிய நிரந்தரமாப் போயிட்டாளான்னு டீச்சர் கேட்டாக. எல்லா வீட்லயும் கேக்குற கேள்விதான். காப்பி போடச் சொல்றேன்னு உள்ள போனவன் அவுக போற வரைக்கும் வெளிய வரவே இல்லை. அன்னைக்குச் சாயந்தரம் போன்ல இதை உங்கம்மா உன்கிட்டச் சொல்ல, நீ பேச்சை மாத்துறதுக்காக, ஜூன் மாசம் ஆர்மாந்தோ செஞ்சதை உங்களுக்குச் சொல்லவே இல்லையேன்னு ஆரம்பிச்சே. நான் பக்கத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அந்த ஜூன் ஓட்டுல உன் குடியுரிமையோட சேத்து அஞ்சு கேள்வி, அஞ்சு கலர்ச் சீட்டாமே. எண்பத்தெட்டு வயசு மனுசன் காலையிலயே சட்டையைப் போடச் சொல்லி, பூத்துக்குத் தள்ளிட்டுப் போன்னு அடம் பிடிச்சிருக்காரு. அவரு கட்சிப் பக்கத்து ஆளுக, போகாதீங்க, வீட்லயே இருங்கன்னு சொல்லியும் கேக்கலை. பூத்துல மத்த நாலு சீட்டும் வேண்டாம், மஞ்சச் சீட்டை மட்டும் குடுங்கன்னு வாங்கிக்கிட்டாரு. மஞ்சதான் உன் குடியுரிமைச் சீட்டு. திரும்பி வரும்போது எதுல குறி போட்டீகன்னு நீ கேட்டதுக்கு, அது ரகசியம், உன் வேலை சக்கரத்தைத் தள்ளுறதுன்னு சொல்லிட்டாராம். அவரு வேண்டாம்னுகூடப் போட்டிருக்கலாம்பான்னு நீ சிரிச்சே. நீ படிச்ச புள்ள, இது உனக்கு எப்படித் தோணாமப் போச்சு? வேண்டாம்னு நெனைக்கிறவருக்கு அந்த விதிப்படி கட்டில்ல படுத்திருந்தாலே போதுமே. எதுக்காகச் சட்டை மாட்டணும்? வந்த தலைக்கணக்கு பாதியைத் தாண்டணும்னுதான் அந்த மனுசன் தன் தலையைக் கொண்டுபோயிச் சேத்திருக்காரு. நெனைக்க நெனைக்க எனக்குப் புல்லரிக்குது தாயி. நீங்கெல்லாம் போங்கன்னு வாயால சொன்ன மனுசன் உனக்காக வீடு விட்டு வந்தாரு. உன்னைப் பெத்த நான் வாயே தொறக்காம வீட்ல உக்காந்து உன்னைத் தோக்கடிச்சிட்டேன். அஞ்சு மாசமா நான் செஞ்சதுக்கும், ஓட்டுப் போட வராம வீட்ல இருந்த அந்த எழுபது பேரு செஞ்சதுக்கும் என்ன வித்தியாசம்? வெக்கமாப் போச்சு.

அதனால நேத்து பிரஸ்ல போஸ்டர் அடிச்ச மஞ்சப் பேப்பர்ல மிச்சம் விழுந்த துண்டு ரெண்டை பெத்தணன்கிட்ட வாங்கிட்டு வந்தேன். ரெண்டுலயும் கட்டம் போட்டு ஒரு பக்கம் 'சீ', ஒரு பக்கம் 'வேண்டாம்'னு எழுதுனேன். பெத்த மகளுக்குச் சீன்னு எழுதி அனுப்புவீகளா, கூறு கெட்ட மனுசன்னு உங்கம்மா கிழிச்சே போட்டுட்டா. மறுபடி பெத்தணன்கிட்ட ரெண்டு துண்டு வாங்கி, 'சரி', 'வேண்டாம்'னு எழுதியிருக்கேன். நம்ம வீட்ல ஓட்டு ரெண்டு. ரெண்டு பேரும் போட்டாத்தான் செல்லும், ஒருத்தர் உக்காந்துக்கிட்டா செல்லாதுன்னு விதியும் சொல்லிட்டேன். பென்சில் நம்ம ஊருப் பென்சில்தான், அழிரப்பர் வெச்சா அழிஞ்சுரும். ஆனா நான் அழிக்க மாட்டேன். என் சீட்டைப் பிரிச்சே வெச்சிருக்கேன், பாத்துக்கோ. 'சரி'யில குறி போட்டிருக்கேன். போடும்போது கோடு கட்டத்துக்கு வெளிய ஓடிருச்சு, அதைச் செல்லாத ஓட்டுன்னு தள்ளிராதே. இன்னும் நாலு வருசம் இருந்து வாங்கிக்க. பாஸ்போர்ட் எந்த நாடா வேணா இருக்கட்டும், நீ ஆமத்தூர் சங்கிலிமுத்து மக, அதை எந்த லிஸ்ட்ல இருந்தும் எவனும் எடுக்க முடியாது. ஏக்கம் எனக்கு இருக்கத்தான் செய்யுது, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். டீச்சர் படிவத்தை நாளைக்கு நானே கொண்டுபோயி, மக வெளிநாட்டுல இருக்கான்னு என் வாயால சொல்லிட்டு வாரேன்.

உங்கம்மா சீட்டை நான் பாக்கலை. அடுப்படிக்கு எடுத்துட்டுப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. கண்ணு செவந்துபோயி வந்து, நாலா மடிச்சு என் கையில வெச்சா. பிரிச்சீகன்னா கையை ஒடிச்சிருவேன்னா. மடிச்ச சீட்டோட நாலு மூலையிலயும் ஈரமா மஞ்சள் தடவியிருக்கு. மஞ்சச் சீட்டுக்கு மேல எதுக்குடி மஞ்சள்னு கேட்டேன். நல்ல காரியத்துக்குப் போற கடுதாசிக்குத் தடவாம வேற எதுக்குத் தடவுறதுன்னு கேட்டுட்டு அரிசி களையப் போயிட்டா. அவ ஓட்டு ரகசியம்தான், நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.

தாயி, நீ நூறு வருசம் நோய் நொடி இல்லாம, நாலு பேருக்கு நல்லவளா நல்லா இருக்கணும். ஆர்மாந்தோ ஐயாவுக்கு எங்க கும்பிடு சொல்லு. அடுத்த தீவாளிக்கு லீவு எடுத்துட்டு வா, வரும்போது அவரு கட்சிச் சின்னத்துல ஒரு பெரிய படமாக் கொண்டு வா, தங்கக் கலர் சேத்தா எப்படி இருக்கும்னு நானும் பெத்தணனும் பாக்கணும். உங்கம்மா சீட்டைப் பிரிக்கும்போது பாத்து மெதுவாப் பிரி, மஞ்சள் காஞ்சு ஒட்டியிருக்கும். நம்ம வீட்டு ஓட்டுப்பதிவு நூத்துக்கு நூறு. செல்லும்.

இப்படிக்கு,
வாய் தொறக்க அஞ்சு மாசம் எடுத்துக்கிட்ட
உன் அப்பா
வே. சங்கிலிமுத்து